ஆய்விதழும் எழுத்துக் களவும்

பிறர் எழுதியதைத் தன் பெயரில் வெளியிடுவதை ஆங்கிலத்திலே 'பிளேஜியரிசம்' என்பர். அச்சொல்லின் வேர் இலத்தீன். பிறருடைய பிள்ளையையோ அடிமையையோ கடத்திச் செல்பவனுக்கு உரோமர் இட்ட பெயர் 'பிளேஜியாரியஸ்'. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோம் நகரில் வாழ்ந்த மார்சியல் என்னும் கவிஞர், தமது கவிதைகளை எடுத்துத் தன்னுடையவை என்று வாசித்துத் திரிந்த ஒருவனை இப்பெயரால் ஏசினார். கவிதைகளைத் தாம் விடுதலை செய்த அடிமைகளாகவும் அவனை ஆட்கடத்துபவனாகவும் உருவகித்தார். ஆகவே களவுக்குப் பெயர் சூட்டிய பெருமை ஒரு புலவனுக்கே உரியது, நேயர்களே.

கவிதை களவுபோனால் கேட்டவர் நாலு பேர் சாட்சி சொல்வர். ஆய்வாளன் கண்டுபிடித்த புதுமை களவுபோனால் யார் சாட்சி? ஐரோப்பிய அறிஞர் சிலர் இதற்கு ஒரு விநோதமான வழி கண்டனர். 1610 இல் கலிலியோ சனிக் கிரகத்தைத் தொலைநோக்கியிற் பார்த்து, அது மூன்று உருவாகத் தோன்றியதை ஓர் இலத்தீன் வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துக்களை இடம் மாற்றிக் கலைத்து அனுப்பினார். வேறொருவர் அதைத் தாமே கண்டதாகச் சொல்ல வந்தால், எழுத்துக்களை ஒழுங்குபடுத்திக் காட்டித் தம் முதன்மையை நிறுவலாம் அல்லவா? அந்தப் புதிரை அவிழ்க்க முயன்ற கெப்ளர், செவ்வாய்க்கு இரண்டு சந்திரன்கள் உண்டு என்று அதைப் பிழையாகப் படித்தார். (செவ்வாய்க்கு இரண்டு சந்திரன்கள் இருப்பது 1877 இல் மெய்யாகவே தெரியவந்தது வேறு கதை.) ரொபேட் ஹூக் சுருள்வில் பற்றிய தம் விதியை 1676 இல் இவ்வாறே கலைத்து வெளியிட்டு, 1678 இலேதான் விடையை அவிழ்த்தார். நம் மிறைக்கவிப் புலவரும் எழுத்துக்களைக் கொண்டு வித்தை காட்டியவர்களே. ஆயின் அவர்களது நோக்கம் விளையாட்டு. இவர்களது நோக்கம் பயம்.

இப் பயத்துக்கு மருந்தாகவே ஆய்விதழ் பிறந்தது எனலாம். இலண்டன் றோயல் சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பேர்க், ஜேர்மனியின் பிறேமன் நகரிலே பிறந்தவர். 1664 இன் இறுதியில் இரசாயன அறிஞர் ரொபேட் பொயிலுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில், ஒருவர் ஒரு பரிசோதனையைச் சங்கத்துக்கு முதன்முதல் அறிவித்த காலத்தைப் பதிந்து வைக்கவேண்டும் என்ற பேச்சு வருகிறது. 1665 மார்ச் 6 ஆம் நாள் ஓல்டன்பேர்க்கின் இதழ் வெளிவந்தது. 'பிலசோபிக்கல் ட்ரான்சாக்ஷன்ஸ்' என்ற அந்த இதழ் இன்றும் வருகிறது. கண்டதை ஒளிக்காமல் உடனே சொல். சொன்ன திகதி உனக்குக் காவல் நிற்கும் என்பதே அதன் ஒப்பந்தம். இன்றைய ஆய்விதழ்களில் கட்டுரையின் தலையிலோ அடியிலோ 'கிடைத்தது', 'ஏற்கப்பட்டது' என்று இரண்டு திகதிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகச் சம்பிரதாயம் போலத் தோன்றும் அவ்விரு வரிகளும் இந்த ஒப்பந்தத்தின் மிச்சமே.

ஆயினும் திகதியால் அடைக்க முடியாத ஓர் ஓட்டை இருந்தது. கட்டுரை அச்சேறுமுன் துறை அறிந்த ஒருவருக்கு மதிப்பீட்டுக்காக அனுப்பப்படுகிறது. அவ்வேளை அது உறை பிரித்த கடிதம்.

அந்த ஓட்டை வழியே நடந்த களவுதான் எலியாஸ் அல்சப்தி விவகாரம். அல்சப்தி ஈராக்கிலிருந்து ஜோர்தான் வழியாக 1977 இல் அமெரிக்காவுக்கு வந்து, பல ஆய்வுகூடங்களில் அடுத்தடுத்து இடம்பிடித்தவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு மாணவராயிருந்த டானியல் வியர்டா என்பவர், பிளாட்டினம் சேர்ந்த மருந்துகள் எலிகளின் மண்ணீரற் கலங்களை எவ்வாறு பாதிக்கின்றன என ஆராய்ந்து, ஐரோப்பியப் புற்றுநோய் இதழொன்றுக்குக் கட்டுரை அனுப்பினார். இதழாசிரியர் அதனை மதிப்பீட்டுக்காக அமெரிக்க மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார். அந்த மருத்துவரோ அதற்கு முன்பே காலமாகிவிட்டார். உரியவரில்லாத தபாற்பெட்டியிலே கிடந்த கட்டுரை அல்சப்தியின் கைக்குப் போனது. தலைப்பும் ஆசிரியர் பெயர்களும் மாறின. 1979 இல் யப்பானிய மருத்துவ இதழொன்றிலே அது வெளிவந்தது. வியர்டாவின் மூலம் ஐரோப்பாவில் அச்சேறியபோது நகல் முந்திக்கொண்டிருந்தது. உழைத்த மாணவனே திருடனாகத் தோன்றக்கூடிய நிலை! இளம் ஆய்வாளன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேறென்ன உண்டு?

1980 இல் விடயம் அம்பலமாயிற்று. அல்சப்தியின் பெயரில் ஏறத்தாழ 60 கட்டுரைகள் வெளிவந்திருந்தன. அவற்றுட் பல பிறருடையவை என்று தெரியவந்தது. இவ்வளவும் எப்படி நடந்தது? மூலம் ஓர் நாட்டு இதழில், நகல் வேறொரு கண்டத்தின் அதிகம் புரட்டப்படாத இதழில். இரண்டையும் வாசித்த ஒரே மனிதர் இல்லாத வரை களவு களவாகத் தெரிவதில்லை. பூட்டு இருந்தது, பதிவேடு இருந்தது, வாசகன்தான் இருக்கவில்லை.

பின்னர் வந்த ஏற்பாடுகளை இக்கோணத்திலேயே பார்க்கவேண்டும். 1997 இல் பிரித்தானியாவில் மருத்துவ இதழாசிரியர் சிலர் கூடி வெளியீட்டு ஒழுக்கத்துக்கென ஒரு குழு அமைத்தனர். சந்தேகம் எழுந்தால் முதலில் எழுதியவரிடம் விளக்கம் கேள், பின்னர் அவருடைய நிறுவனத்துக்கு அறிவி, நிரூபணமானால் கட்டுரையை மீளப்பெறு என அது படிமுறை வகுத்தது. 2008 இல் பதிப்பகங்கள் சேர்ந்து 'குறொஸ்செக்' என்ற ஒப்புநோக்கும் சேவையைத் தொடங்கின. வந்த கட்டுரையைச் சொற்றொடர் சொற்றொடராக உடைத்து, ஏற்கெனவே வெளிவந்த இலட்சக்கணக்கான கட்டுரைகளோடு பொருத்திப் பார்த்து, ஒத்துப்போகும் பகுதி இத்தனை வீதம் என்று அது சொல்கிறது. இரண்டு கண்டத்து இதழ்களையும் வாசித்த அந்த ஒரே வாசகன் கணினி வடிவில் வந்துவிட்டான்.

ஆனால் இந்த வாசகனுக்குத் தமிழ் சரிவரத் தெரியாது என்பதை நாம் கவனிக்கவேண்டும். தொல்காப்பியச் சூத்திரங்களையும் உரைப் பகுதிகளையும் முறையாக மேற்கோள் காட்டி எழுதிய நேர்மையான கட்டுரைக்கு அவன் பெரிய வீதம் போடக்கூடும். ஆங்கில நூலொன்றை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழ்ப்படுத்தித் தன் பெயர் போட்டவரைப் பெரும்பாலும் கைகாட்டி விட்டுவிடுவான். 'பாமினி' எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பைக் கணினி ஆங்கில எழுத்துக் குவியலாகவே காண்கிறது. ஒருங்குறியில் உள்ள அதே கட்டுரை அதற்கு முற்றிலும் அந்நியம். பழைய சஞ்சிகைகளை 2005 முதல் மின்வருடி இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' அரிய தொண்டு செய்கிறது. எனினும் படமாகக் கிடக்கும் பக்கம் எழுத்தாக மாற்றப்படும்வரை மனிதக் கண்ணுக்கே புலப்படும்.

ஆதலால் நம் மொழியில் இப்பொறுப்பு இன்னும் இதழாசிரியருக்கும் மதிப்பீட்டாளருக்குமே உரியது. மாணவர் கட்டுரை திருத்தும் ஆசிரியர் எவருக்கும், பதினைந்து வரி தடுமாறி வந்த நடை திடீரென்று பேராசிரியர் நடையாக நிமிரும் இடம் காதிலே தட்டும். அந்தக் காது வேண்டும். அதனோடு, நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்றும் உண்டு. சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டியவை என நன்னூல் வகுக்கும் எட்டிலே ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது 'வழி'. இந்நூல் எதன் வழி வந்தது என்பதை வாயிலிலேயே சொல்லிவிடு என்கிறார் பவணந்தி முனிவர். வழிநூல் செய்வதும் மொழிபெயர்த்து யாப்பதும் நம் மரபிலே குற்றமாகா. வழியை மறைப்பதே குற்றம். இன்று ஆய்விதழ்கள் ஆசிரியரிடம் வாங்கும் உறுதிமொழிப் பத்திரத்தில், மொழிபெயர்ப்பாயின் மூலம் எது என்று கேட்க ஒரு வரி சேர்த்தால் போதும். நான் புரட்டிய தமிழ் ஆய்விதழ்கள் சிலவற்றில் 'கிடைத்த திகதி' கூட இல்லை. அதற்குச் செலவு ஒரு வரி மை.

மீளப்பெறுதல் இன்னொரு சிக்கல். இணையத்தில் உள்ள இதழ், களவுக் கட்டுரையை அழிப்பதில்லை. 'மீளப்பெறப்பட்டது' என்று அதன்மேல் முத்திரையிட்டு, காரணத்தையும் எழுதி அவ்விடத்திலேயே வைத்திருக்கும். அச்சிலே வந்த தொகுதிக்கு அந்த வசதி இல்லை. அடுத்த இதழிலே அறிவித்தல் போடலாம். பத்து வருடம் கழித்து நூல்நிலையத்தில் முதல் இதழை எடுத்து, பரீட்சைக்கோ பட்டத்துக்கோ அதிலிருந்து குறிப்பெடுக்கும் பிள்ளையின் கையில் அந்த அடுத்த இதழ் இருக்காது.