கோடையிலும் ஸ்வெட்டர் போடும் ஊர்



நம் ஊரில் கத்திரி முடிந்து சாரல் தொடங்கிவிட்டது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் வெந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பதிவுகளைப் பார்த்தாலே தெரிகிறது. இதற்கிடையில் கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், இங்க ஜூலை மாசம் மான்டெரே கடற்கரைக்குப் போனா பல்லு கிட்டுது. காரை எடுத்து ரெண்டு மூணு மணி நேரம் உள்ளே போனா நம்மூர் சித்திரை மாதிரி கொளுத்துது. ஏன் இப்படி?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மான்டெரேயில் நானும் மூன்று நாள் தங்கியிருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பசிபிக் கரையில் இருக்கிற சின்ன ஊர். ஜூலை மாதத்தில் பகல் வெப்பம் 19, 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பெரிது. இரவில் 12 டிகிரிக்கு வந்துவிடும். மழை இல்லை. அங்கே மழையெல்லாம் குளிர்காலத்தில்தான். காலையில் எழுந்து பார்த்தால் வானம் சாம்பல் நிறம். பத்து பதினொரு மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்க்கும், மதியம் காற்று வீசும், சாயங்காலம் கடலிலிருந்து மூடுபனி திரும்பவும் ஊருக்குள் நடந்து வரும். அதே நாளில் உள்நாட்டில் பிரெஸ்னோ நகரத்தில் 37, 38 டிகிரி.

காரணம் கடலில் இருக்கிறது. பசிபிக் நீரோட்டங்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தீர்களே, நினைவிருக்கிறதா? "கலிபோர்னியா நீரோட்டம் – குளிர் நீரோட்டம்" என்று ஒரு வரி. வடக்கேயிருந்து குளிர்ந்த நீரை அது கொண்டுவருவது உண்மைதான். ஆனால் பாதிக் கதைதான் அது. மீதிப் பாதி இன்னும் சுவையானது. கோடையில் அந்தக் கரையை ஒட்டி வடமேற்கிலிருந்து காற்று விடாமல் வீசும. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்மட்ட நீர் காற்றுக்கு வலப்புறமாக விலகிப் போகும். இங்கே வலப்புறம் என்பது ஆழ்கடல் பக்கம். மேல்நீர் கரையை விட்டு விலகினால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? அடியிலிருந்து சில்லென்ற நீர் மேலே ஏறி வரும். நார்வே நாட்டு நான்சென் 1893-96ல் வட துருவக் கடலில் கப்பலோடு மிதந்தபோது, பனிப்பாறைகள் காற்றின் திசையில் போகாமல் வலப்பக்கம் ஒதுங்கிப் போவதைக் குறித்து வைத்தார். அதற்குக் கணக்குப் போட்டு விளக்கியவர் சுவீடன் நாட்டு எக்மன், 1905ல்.

இந்தக் குளிர்ந்த நீரைத் தொட்ட காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. அதற்கு மேலே சூடான காற்று பானைக்கு மூடி போட்டது போல உட்கார்ந்திருப்பதால் மேகம் உயரப் போக முடியாமல் தரையோடு படர்கிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் காற்று சூடாகி மேலே எழ எழ, கடல் பக்கமிருந்து இந்தக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, அங்கே எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவுக்கு இங்கே குளிர். (மார்க் ட்வைன் சான் பிரான்சிஸ்கோ கோடையைப் பற்றிச் சொன்னதாக ஒரு மேற்கோள் வாட்ஸ்அப்பில் சுற்றும். அவர் அப்படி எழுதியதற்குச் சான்று கிடையாது. தயவுசெய்து எனக்கு அனுப்ப வேண்டாம்.)

இனி சரித்திரத்துக்கு வருவோம்.

அந்தக் கரையில் முதலில் வாழ்ந்தவர்கள் ரம்சன் ஓலோனி மக்கள். கடற்சிப்பிகளும் மீனும் அவர்களுக்கு உணவு. இவர்களுக்கு அந்தக் கடலின் குணம் தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. 1542ல் கப்ரில்லோ கப்பலில் இந்த விரிகுடாவைக் கடந்து போனார். 1565 முதல் ஸ்பெயினின் சரக்குக் கப்பல்கள் பிலிப்பைன்ஸிலிருந்து இந்தக் கரையை ஒட்டித்தான் மெக்சிகோவுக்குத் திரும்பின. மாதக்கணக்கில் கடலில் கிடந்து, ஸ்கர்வி நோயில் மாலுமிகள் பல் விழுந்து செத்துக்கொண்டிருந்த கப்பல்கள் அவை. ஒதுங்க ஒரு துறைமுகம் கிடைக்காதா என்று தவித்தார்கள். வடக்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடா என்ற உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கப்பலும் அதற்குள் நுழையவில்லை. வாசல் குறுகல், அதன் நேர் பின்னால் தீவும் மலைகளும் இருப்பதால் தூரத்திலிருந்து ஒரே கரையாகத் தெரியும், போதாததற்குக் கோடை முழுவதும் மூடுபனித் திரை. பாறையில் மோதிவிடுவோம் என்ற பயத்தில் கப்பல்கள் எட்டியே போயின. 1775 ஆகஸ்ட் 5ல்தான் அயாலாவின் 'சான் கார்லோஸ்' கப்பல் உள்ளே போனது.

மான்டெரே கிடைத்ததும் வேடிக்கையான கதை. 1602 டிசம்பரில் விஸ்கெய்னோ அங்கே நங்கூரம் போட்டு, மெக்சிகோவில் இருந்த வைஸ்ராயின் பட்டப்பெயரை ஊருக்கு வைத்தார். எல்லாக் காற்றுக்கும் மறைவான அருமையான துறைமுகம் என்று அரசருக்கு அளந்துவிட்டார். உண்மையில் அது அகன்ற, திறந்த வளைகுடா. அவர் பேச்சை நம்பி 1769ல் போர்த்தோலா என்ற தளபதி சான் டியேகோவிலிருந்து தரைவழியாகப் படையோடு தேடி வந்தார். வளைகுடாவின் கரையிலேயே நின்றுகொண்டு, இது அந்தத் துறைமுகம் இல்லை என்று முடிவு கட்டி மேலே போய்விட்டார். மூடுபனியைக் குற்றம் சொல்வாரும் உண்டு. என்னைக் கேட்டால், விஸ்கெய்னோவின் வர்ணனைதான் அதைவிடப் பெரிய மூடுபனி. ஆனால் அப்படி வழி தவறிப் போனதால்தான் அந்தப் படையின் கண்ணில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா பட்டது, அதுவும் தரைவழியாக, மலைமேல் நின்று! திரும்பும் வழியில் சாப்பாடு இல்லாமல் தங்கள் கோவேறு கழுதைகளையே அடித்துத் தின்றார்கள். அடுத்த ஆண்டு மறுபடி வந்தபோது இடம் புரிந்தது. 1770 ஜூன் 3ல் மான்டெரேயில் கோட்டையும் கிறிஸ்தவ மிஷனும் நிறுவப்பட்டன. ஸ்பெயின், பிறகு மெக்சிகோ ஆட்சியில் அதுவே மேல் கலிபோர்னியாவின் தலைநகர். 1846ல் அமெரிக்கக் கொடி ஏறியது. தங்கம் கிடைத்தபின் கூட்டம் எல்லாம் வடக்கே ஓடிவிட, ஊர் தூங்கிவிட்டது.

அதை எழுப்பியது இந்தக் குளிர்தான். 1875ல் பக்கத்திலேயே பசிபிக் குரோவில் மெதடிஸ்ட் சபையார் கோடை முகாமுக்குக் கூடாரம் அடித்தார்கள். 1880ல் ரயில் கம்பெனி முதலாளிகள் டெல் மான்டே என்ற பெரிய ஹோட்டலைக் கட்டினார்கள். உள்நாட்டு வெயிலுக்குத் தப்பிப் பணக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். நம் நாட்டில் வெள்ளைக்காரர்கள் கோடைக்கு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள் அல்லவா? அங்கே மலையேற வேண்டியதில்லை, கடற்கரைக்கு வந்தால் போதும். (அந்த ஹோட்டல் இப்போது கடற்படையின் மேற்படிப்புக் கல்லூரி.)

பணக்காரர்கள் காற்று வாங்கிய அதே கரையில் 1850-களிலிருந்து சீன மீனவர்கள் குடியிருந்தார்கள். பகலில் மற்ற மீனவர்கள் இடைஞ்சல் செய்ததால் இரவில் தீப்பந்தம் கட்டி கணவாய் பிடித்தார்கள். காயவைத்துச் சீனாவுக்கே அனுப்பினார்கள். வாடை அடிக்கிறது என்று ஊரார் புகார். 1906 மே மாதம் ஓர் இரவு அந்தக் குடியிருப்பு எரிந்து சாம்பலானது. திரும்பக் கட்டிக்கொள்ள நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் விடவில்லை. கருவாட்டு வாடை எந்த ஊரிலும் யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் அடிக்கலாம், யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது என்பது நமக்கும் தெரியாத விஷயம் இல்லை.

அடுத்தது மத்தி மீன். நம் பக்கத்தில் சாளை என்போம், அதற்கு உறவுக்கார மீன். அடியாழத்து நீர் மேலே வரும்போது உப்புச் சத்துகளையும் சேர்த்துக் கொண்டுவருகிறது, அதாவது கடலுக்கு எரு. அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும், அதைத் தின்ன மீன் கூட்டம் வரும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் நடப்பது இதேதான். ஆக, குளிப்பவனை நடுங்க வைக்கும் நீர்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. சிசிலித் தீவிலிருந்து வந்தவர்கள் வலை வீசினார்கள். கரையோரம் வரிசையாக டின் ஆலைகள். படகு வந்தால் ஆலைச் சங்கு ஊதும், எந்த நேரமானாலும் பெண்கள் எழுந்து ஓடுவார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒவ்வொரு சங்கு ஓசை.

1941-42 பருவத்தில் அந்த ஒரு ஊரில் மட்டும் இறங்கிய மத்தி சுமார் 2½ லட்சம் டன். எல்லாம் மனிதர் சாப்பிடவா? இல்லை. பெரும்பகுதியை அரைத்து உரமாகவும் கோழித் தீவனமாகவும் ஆக்கினார்கள், அதில்தான் லாபம் அதிகம். 1930-களிலேயே மாநில மீன்வளத் துறை விஞ்ஞானிகள் இது தாங்காது என்று சொன்னார்கள். ஆலைக்காரர்கள் கேட்கவில்லை. ஆறேழு ஆண்டுகளில் பிடிபட்டது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக அடைத்தன. ஜான் ஸ்டைன்பெக் 1945ல் அந்தத் தெருவை வைத்து 'கேனரி ரோ' நாவலை எழுதினார். தெருவுக்கு அந்தப் பெயரே அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது 1958ல், சூட்டும்போது தெருவில் மீன் இல்லை.

மீன் போனதற்கு யார் காரணம் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஸ்டைன்பெக்கின் நண்பர், அந்தத் தெருவிலேயே ஆய்வுக்கூடம் வைத்திருந்த எட் ரிக்கெட்ஸ், அதிகம் பிடித்ததோடு கடல்நீரின் வெப்ப மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். 1948ல் ரயில் மோதி இறந்துவிட்டார். பிறகு கடலடிச் சேற்றில் படிந்திருந்த மீன் செதில்களை அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்தார்கள். மனிதர் வலை வீசாத நூற்றாண்டுகளிலும் மத்தி பெருகியும் அருகியும் வந்திருக்கிறது. கடல் சற்று வெதுவெதுப்பான பத்தாண்டுகளில் மத்தி, சற்று அதிகம் குளிர்ந்தால் நெத்திலி. 1940-களின் பின்பாதியில் அந்தக் கடல் குளிர்ந்தது. "பார்த்தீர்களா, நாங்கள் காரணம் இல்லை" என்று இதை வைத்து ஆலைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இறக்கம் வரும் காலத்தில்தான் விதைநெல்லைக் காப்பாற்ற வேண்டும். அவர்கள் அதையும் சேர்த்து அரைத்துக் கோழிக்குப் போட்டார்கள். 1967ல் மத்தி பிடிக்கத் தடை வந்தது, மீன் போன பிறகு.

1984ல் ஒரு பழைய ஆலை இருந்த இடத்தில் பெரிய மீன் காட்சியகம் திறந்தார்கள். இப்போது ஊர் பிழைப்பது அதை நம்பித்தான். கரைக்குச் சற்று உள்ளே சாலினாஸ் பள்ளத்தாக்கில் இலைக்கோசும் கூனைப்பூவும் கோடையிலும் வாடாமல் விளைவது இந்தக் குளிரால்தான். இன்னும் வடக்கே செம்மரக் காடுகளில், ஆண்டுக்கு மரத்தடியில் சேரும் நீரில் மூன்றில் ஒரு பங்கு மூடுபனி சொட்டியது என்று அளந்திருக்கிறார்கள். அந்த மூடுபனியே ஒரு நூற்றாண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருப்பதாக 2010ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மத்தி 1990-களில் திரும்பி வந்தது. 2015 முதல் அந்தக் கரை நெடுகிலும் அதை வணிகத்துக்குப் பிடிப்பதை மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட மகனுக்கு ஒரு வார்த்தை. அப்பா அம்மாவை அங்கே அழைத்துப் போவதாக இருந்தால் செப்டம்பரில் போ. காற்று அடங்கி மூடுபனி விலகும் மாதம், அந்த ஊருக்கு அதுதான் உண்மையான கோடை. ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்துக்கொள். அங்கே கடையில் விலை அதிகம்.