தொட்டதா, தொடவில்லையா?

சுசீந்திரத்தில் பிறந்தவனுக்குக் கல்லைத் தட்டிக் காது கொடுப்பது சின்ன வயதுப் பழக்கம். தாணுமாலயன் கோயில் இசைத்தூண்களை, ஆள் பார்க்காத நேரத்தில் விரலால் சுண்டிவிட்டு ஓடிய கூட்டத்தில் அடியேனும் ஒருவன். அந்தப் பாடம் அறுபதைத் தாண்டியபின் என் நெஞ்சுக்கூட்டுக்கே வந்து சேரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஓய்வு பெற்றபின் எனக்குப் படபடப்பு வந்தது. இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிக்கிறது என்றார்கள். தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறான மின்துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடக்குவது 'அபிளேஷன்'. செய்தார்கள். நாலு மாதத்தில் படபடப்பு திரும்பியது. "சில இடத்துல முனை சதையில சரியா உட்காரல போலிருக்கு சார்" என்றார் டாக்டர். "எக்ஸ்ரேயில பாத்துத்தானே வச்சீங்க?" என்றேன். இயற்பியல் படித்த புத்தி சும்மா இருக்குமா? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கை நரம்பு வழியே தானே குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கொண்டார். குழாய் முனை இதயத்தில் இருந்தது. அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1956-ல், நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த அதே ஆண்டில். 1982-ல் அமெரிக்காவில் கதீட்டர் வழியே மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளக்கோளாறுக்கு வைத்தியம் செய்தார்கள். பிறகு, அளவாகச் சூடு தரும் ரேடியோ அலை வந்தது. 1998-ல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், என்னுடையதைப் போன்ற கோளாறு பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புவதைக் காட்டினார்கள்.

சதை சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினால்தான் அந்த இடம் நிரந்தரமாக அடங்கும். முனை சதையை விட்டுச் சற்று மிதந்தாலும் ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். மிகையாக அழுத்தினாலோ, சில மில்லிமீட்டரே தடிமனுள்ள சுவர் ஓட்டையாகிவிடலாம். எக்ஸ்ரேயில் உலோக முனை பளிச்சென்று தெரியும், சுவர் தெரியாது. என் கேள்விக்கு விடை அதுதான்.

சுவரைக் காட்டியது ஒலி. 1880-ல் கியூரி சகோதரர்கள், அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிர்ந்து ஒலி எழுப்பும். 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசலைப் பார்க்கும் கருவியைக் கடன் வாங்கி, துடிக்கும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். நாம் அலைவெண்ணுக்கு எழுதும் 'ஹெர்ட்ஸ்' இருக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இவர்!

பிறகு அந்தப் படிகத்தைச் சிறிதாக்கிக் கதீட்டர் முனையிலேயே வைத்தார்கள். 1994-ல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள், இதயத்துக்குள்ளிருந்தே அல்ட்ராசவுண்டில் பார்த்து அபிளேஷன் செய்ததை வெளியிட்டார்கள். நம் காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை. இது பல மில்லியன் ஹெர்ட்ஸ். சதையில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சுவரின் எதிரொலி 13 மைக்ரோ வினாடியில் திரும்பிவிடும். நேரம் தெரிந்தால் தூரம் தெரியும், பி.எஸ்.சி. கணக்குதான். இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்தாலும் அந்தத் திரையே முதலில் எச்சரிக்கும். அழுத்தத்தைக் கிராம் கணக்கில் சொல்லும் கதீட்டர்களும் இப்போது உண்டு.

எனக்கு இரண்டாம் தடவை அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்தார்கள். மறுநாள் அந்தப் பதிவைக் காட்டிய பெண், பேச்சுவாக்கில் பார்த்தால், நம் கல்லூரி இயற்பியல் துறைப் பிள்ளை! "இது சுவரு, இது முனை. நடுவுல இடைவெளியே இல்ல, பாருங்க சார்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஒரு மாத்திரை இன்னும் தொடர்கிறது. படபடப்பு இதுவரை இல்லை.

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் ஒத்ததிர்வுச் சோதனை செய்யும்போது, 'இது எதுக்கு சார்?' என்று சலிக்காதீர்கள் மக்களே. அதை ஒழுங்காகப் படித்த ஒருத்தி, உங்கள் ஊர்க்காரன் ஒருவனுக்குத் தாளத்தைத் திருப்பித் தந்திருக்கிறாள்.