தபாலில் வந்த பாடம்

இரவுப் பணி முடிந்து வரும் செவிலியர் நாங்கள் இருவர் இணையவழியில் மாண்டலின் கற்கிறோம். தூரத்து ஆசிரியரிடம் கற்பது இக்காலப் புதுமை என்றே எண்ணியிருந்தோம். வரலாறு வேறு சொல்கிறது.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உருப்பெற்ற மாண்டலினுக்கு நான்கு இரட்டைத் தந்திகள்; சுருதி வயலினைப் போன்றதே. அந்நாளில் ஆசிரியரின் எதிரே அமர்ந்துதான் பெரும்பாலோர் கற்றனர். 1967இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக்கில் ஹாப்பி டிராம், ஜேன் டிராம் தம்பதியர் ‘ஹோம்ஸ்பன்’ நிறுவனத்தைத் தொடங்கி, கிட்டார் பாடங்களை ஒலிநாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினர். பின்னர் மாண்டலின் பாடங்களும் வந்தன. நாடாவை நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் கேட்கலாம். இன்று காணொளியில் நாங்கள் செய்வதும் அதுவே.

ஆனால் நாடாவும் காணொளியும் நாம் வாசிப்பதைக் கேட்பதில்லை. ஆறு மாதம் தனியே வாசித்துத் தேறிவிட்டோம் என்று நினைத்தோம். ஞாயிறு ஆராதனையில் சபையார் பாடத் தொடங்கியதும் எங்கள் தாளம் முந்தி ஓடியது, பாட்டு தடுமாறியது. வெட்கத்தில் கருவியை வைத்துவிட இருந்தோம். பியானோ வாசிக்கும் அக்காதான், “முதலில் பாடுகிறவர்களைக் கேளுங்கள்” என்றார்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் பாடகர் குழுவோடு பழகுகிறோம். வீட்டில் தனியே கற்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் கருவியோடு வாருங்கள்.