வாரியலும் ஸ்டெதாஸ்கோப்பும்

குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரல் விழுந்துவிட்டால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: "இது மூலிகைத் தண்ணி, நோய் நொடி அண்டாது." தண்ணீரே மருந்து என்று பெயரெடுத்த ஊர் இது. ஆனால் அந்த மருந்து எல்லாருக்கும் கிடைத்ததா? 1934இல் அரிசனச் சுற்றுப்பயணமாக வந்த காந்தி, தாழ்த்தப்பட்டோர் குளிக்க முடியாத அருவியில் தானும் குளிப்பதில்லை என்று மறுத்தார். மறுத்தவரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மருத்துவம் சார்ந்த படிப்புகளை மாணவர்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சிகள் நிறைய நடக்கின்றன. ஆர்வம், சம்பளம், மதிப்பு, பெற்றோர் விருப்பம், பார்த்து வளர்ந்த ஆட்கள் என்று பட்டியல் போடுகிறார்கள். பட்டியல் சரிதான். ஆனால் அதற்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு, எப்போது கிடைத்தது?

நம் ஊர்களில் வைத்தியம் ஒரு காலத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் கையில்தான் இருந்தது. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி நாவிதர் வீட்டுப் பெண். பிள்ளையை வாங்க அவள் கை வேண்டும். வாங்கி முடித்ததும் அவளே தீட்டு. பொதிகை மலைப் பச்சிலையை இனங்கண்டு விஷக்கடிக்கு மருந்து அரைத்தவர்கள் உழைக்கிற சனங்களில் எத்தனையோ பேர். அயோத்திதாசப் பண்டிதரை (1845-1914) 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவராக நமக்குத் தெரியும். அவர் பிழைப்புக்குச் செய்தது சித்த வைத்தியம். காத்தவராயன் என்ற தன் பெயரை விட்டு, குருவின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டவர் அவர்.

1835இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி வந்தது. பட்டம், நாற்காலி, சம்பளம் எல்லாம் பின்னாலேயே வந்தன. அப்புறம் ரத்தமும் சீழும் யாருக்கும் தீட்டாகத் தெரியவில்லை. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததைப் பெரிய புரட்சி என்று எழுதுகிறார்கள். அது துணிச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிணம் தூக்கியவனும், சுடுகாட்டில் வெந்தவனும், பிணவறையில் நாற்றத்தோடு நின்றவனும் புரட்சிக்காரன் ஆகவில்லையே? அதே பிணம்தான். ஒருத்தன் தொட்டால் விஞ்ஞானம், இன்னொருத்தன் தொட்டால் சாதித் தொழில்.

வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியிலும் நமக்குக் கிடைத்தது தோட்டி வேலையும் வாரியலும்தான். எங்கள் ஆச்சி இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கூட்டிப் பெருக்கினவள். முப்பது வருஷம் பிரசவ வார்டு ரத்தத்தைக் கழுவியவள். அவள் எங்க அக்காளை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியே தீருவேன் என்று ஒத்தைக்கால்ல நின்னாள். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பிள்ளைக நாற்காலில உக்காந்து எழுதுதுகல்லா, அதான்" என்றாள். எந்த ஆராய்ச்சிக்காரர் பட்டியலிலும் இந்த நாற்காலி இல்லை.

நான் லேப் டெக்னீசியனுக்குப் படித்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. படிப்பு சீக்கிரம் முடியும், சீக்கிரம் சம்பாதிக்கலாம், தங்கைக்குக் கல்யாணம் பண்ணணும். விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் ஒருவர், "ஒங்க ஆளுகளுக்கு இது போதுமேடே" என்றார். திட்டவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியந்தான் இன்னைக்கும் வலிக்கிறது.

கதவு தானாகத் திறக்கவில்லை. வகுப்புவாரி உத்தரவின்படி மருத்துவக் கல்லூரியில் 14 இடத்துக்கு 2 இடம் தாழ்த்தப்பட்டோருக்கு என்றிருந்தது. 1950இல் செண்பகம் துரைராஜன் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதை உச்சநீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. ஆனாலும் உத்தரவு செல்லாமல் போனது. 1951இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அம்பேத்கரின் முயற்சியால் 1944இல் தொடங்கிய கல்வி உதவித்தொகையும், அரசு விடுதிச் சோறும் இல்லையென்றால் நம்மில் ஒருத்தர்கூட வெள்ளைக்கோட்டு போட்டிருக்க முடியாது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும், 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் வந்தன. தென்காசிப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பு என்பது பஸ் ஏறிப் போகிற தூரத்துக்கு வந்தது.

படித்தால் எல்லாம் மாறிவிடும் என்றார்கள். 1981 பிப்ரவரியில், இன்றைய தென்காசி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போயின. காசுக்கு மாறினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் படித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது மரியாதை. நம் பிள்ளை டாக்டராக ஆசைப்படுகிறது என்றால் பாதி ஆசை சம்பளத்தில் இல்லை. "ஏலே" என்று கூப்பிடுகிற வாய் ஒருநாள் "சார்" என்று கூப்பிடாதா என்பதில்தான் இருக்கிறது.

தமிழகத்தில் 2007இல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. பத்து வருஷம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் மூச்சுவிட்டன. 2017இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், அந்த செப்டம்பர் 1இல் செத்துப்போனாள். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கினார்கள். அதனால் சில பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கோச்சிங் சென்டருக்கு ரூபாய் கட்ட முடியாத வீட்டில் தேர்வு என்றால் இன்னும் பரீட்சை மட்டும்தான். தேர்ந்தெடுப்பது என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்கு இன்னும் வரவில்லை.

எங்க அக்கா மகள் இப்போ பிளஸ் டூ. டாக்டராகணும்ங்கிறாள். நர்ஸாகி ரிட்டயர்டான அக்கா பயப்படுகிறாள். "கெடைக்கலைன்னா பிள்ளை தாங்குமாடா?" என்று என்னிடம் ராத்திரி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் "இது போதுமே" என்று மட்டும் அவளிடம் யாரும் சொல்லக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.