சுவரிலிருந்து காட்சிக்கூடத்திற்கு: சோனாபாய் ரஜ்வாரின் மூங்கில் சாலகங்கள்

மண்சுவருக்கு ஆவணக்காப்பகம் கிடையாது. ஆண்டுதோறும் மழை அதனைக் கரைக்கிறது. மழை ஓய்ந்ததும் வீட்டுப் பெண்கள் அதனை மீண்டும் பூசி மெழுகுகின்றனர். பழைய அலங்காரத்தின்மீதே புதிய பூச்சு ஏறுவதால், சென்ற ஆண்டு அந்தச் சுவரில் என்ன இருந்தது என்பதற்கு இந்த ஆண்டின் சுவர் சான்று சொல்லாது. கல்வெட்டையும் செப்பேட்டையும் நம்பிப் பழகிய வரலாற்றெழுத்து, இத்தகைய வீட்டலங்காரக் கலைகளைக் காலமற்ற மரபு என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவதற்கு இதுவே முதற்காரணம். ஆண்டுக்கொருமுறை அழிந்து பிறக்கும் ஒன்றுக்கு வரலாறு இல்லை என்றாகிவிடாது. அந்த வரலாறு எங்கே தொடங்கியதாக எழுதப்படுகிறது, எவர் கண்ணில் பட்டபோது தொடங்குகிறது என்பதே கேள்வி. வட சத்தீஸ்கரின் சுர்குஜா மாவட்டத்தைச் சேர்ந்த சோனாபாய் ரஜ்வாரின் வாழ்க்கை இக்கேள்வியைத் தெளிவாக முன்வைக்கிறது.

சுர்குஜாவின் ரஜ்வார்கள் உழவுத்தொழில் செய்யும் சமூகத்தினர். நெல் அறுவடை முடிந்து, பௌஷ மாதத்து முழுநிலவு நாளில் அவர்கள் ‘சேர்தா’ என்னும் விழாவைக் கொண்டாடுகின்றனர். சிறுவர் வீடுவீடாகச் சென்று தானியம் கேட்கும் நாள் அது. அதற்கு முன்னதாக வீட்டைப் புதுப்பிப்பது பெண்களின் பணி. களிமண்ணோடு சாணமும் வைக்கோல் துணுக்குகளும் கலந்து பிசைந்து சுவரை மெழுகுவர். அது காய்ந்தபின் வெண்களிமண்ணைக் கரைத்துப் பூசுவர். கதவைச் சுற்றியும் முற்றத்துச் சுவர்களிலும் விரலால் கோடிழுப்பதும், ஈரமண்ணைச் சற்றே உயர்த்திப் பறவையும் கொடியுமாகப் புடைப்புருவங்கள் அமைப்பதும் வழக்கம். இவற்றில் கையொப்பம் இல்லை, விலையும் இல்லை. மாமியாரிடமிருந்து மருமகளும், தாயிடமிருந்து மகளும் கைப்பழக்கமாகவே இவ்வேலையைக் கற்றுக்கொண்டனர்.

சோனாபாய் பிறந்தது ஏறத்தாழ 1930இல். இளம்வயதிலேயே தம்மைவிட வயதில் மிக மூத்த ஒருவருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு மகன் பிறந்தான். அதன்பின் கணவர் புஹ்புட்ரா என்னும் சிற்றூரின் ஓரத்தில் புதுவீடு ஒன்றைக் கட்டினார். மனைவி அவ்வீட்டைவிட்டு வெளியே செல்லவோ, பிறருடன் பழகவோ அவர் இசையவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. சேர்தா நாளில் மற்ற வீடுகளில் பெண்கள் கூடிச் செய்த வேலையை, சோனாபாய் தம் வீட்டினுள் தனியாகச் செய்யவேண்டியிருந்தது.

முதலில் அவர் செய்தவை மகனுக்கான விளையாட்டுப் பொம்மைகள். விளையாட வேறு பிள்ளைகளோ, வாங்கித்தரச் சந்தையோ இல்லாத குழந்தைக்காகக் களிமண்ணில் பிடிக்கப்பட்ட சிற்றுருவங்கள் அவை. அடுத்து, வீட்டின் இருளும் வெக்கையும் அவருடைய கவனத்திற்கு வந்தன. முற்றத்தை நோக்கிய தாழ்வாரத்தில் வெயில் நேராக விழாமல் தடுக்கவேண்டும். காற்றும் வெளிச்சமும் உள்ளே வரவேண்டும். அதற்கு அவர் கண்ட வழியே பின்னாளில் உலகக் காட்சிக்கூடங்கள் வியந்த அந்த மூங்கில் தட்டி.

அதன் செய்முறை எளியது, கைப்பக்குவம் அரியது. மூங்கிலை மெல்லிய சிம்புகளாகப் பிளந்து, வளைத்து வட்டங்களாக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டவேண்டும். வட்டங்கள் அடுக்கடுக்காக நின்று ஒரு சட்டமாகும். அதன்மீது சாணமும் வைக்கோலும் கலந்த களிமண்ணைக் கையால் அப்பி, காயவிட்டு, வெடிப்புகளை மீண்டும் மெழுகி, இறுதியில் வெண்மண் பூசவேண்டும். சோனாபாய் அத்தோடு நிற்கவில்லை. வட்டங்களின் இடைவெளிகளில் பறவைகளை அமரவைத்தார். விளிம்புகளில் பாம்புகளை நெளியவிட்டார். இசைக்கருவி மீட்டுவோரையும் ஆடுவோரையும் நிறுத்தினார். சமையலறையிலும் வீட்டைச் சுற்றியும் கிடைத்த பொருள்களிலிருந்து வண்ணம் எடுத்தார். மனிதர் வராத வீட்டின் சுவரெங்கும் மனிதரும் உயிரினங்களும் நிறைந்தனர்.

அத்தட்டியைக் குறிக்கும் ‘ஜாலி’ என்னும் சொல், வலையைக் குறிக்கும் ‘ஜால’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. முகலாயக் கட்டடங்களின் கல்தட்டிகளுக்கும் அதுவே பெயர். தமிழின் ‘சாலகம்’ என்னும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழில் இதற்கு இணையாக வழங்கிய ‘காலதர்’ என்பது காற்றின் வழி என்று பொருள்படும். ஒரு சொல் பொருளின் வடிவத்தைப் பெயராக்குகிறது; மற்றொன்று அதன் பயனைப் பெயராக்குகிறது. சோனாபாயின் தட்டிகளுக்கு இவ்விரண்டும் பொருந்தும். அவை அழகுக்காக மட்டும் செய்யப்பட்டவையல்ல. அவற்றின் வழியே அவ்வீட்டிற்குள் காற்று வந்தது. அலங்காரம் வேறு, தேவை வேறு என்று பிரித்துப் பேசும் கலைவரலாற்றின் பழக்கம் இங்கே உதவாது.

1982 பிப்ரவரியில் போபாலில் பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் ரூபங்கர் அருங்காட்சியகத்திற்குப் பொறுப்பேற்ற ஓவியர் ஜெ. சுவாமிநாதன், நவீன ஓவியங்களையும் நாட்டுப்புற, பழங்குடிக் கலைப்படைப்புகளையும் ஒரே கூரையின்கீழ் சமமாக வைக்க விரும்பினார். அதற்காக அன்றைய மத்தியப் பிரதேசத்தின் உட்பகுதிகளுக்குக் குழுக்கள் அனுப்பப்பட்டன. பதன்கர் என்னும் ஊரிலிருந்து கோண்டு ஓவியர் ஜன்கர் சிங் ஷியாம் வெளியுலகிற்கு அறிமுகமானதும் இம்முயற்சியால்தான். 1983இல் அத்தகைய குழு ஒன்று புஹ்புட்ராவிலும் சோனாபாயின் வீட்டைக் கண்டது. அவ்வீட்டின் படைப்புகள் சில போபாலுக்குச் சென்றன. பின்னர் தேசிய விருதும், மத்தியப் பிரதேச அரசின் துளசி சம்மானும் வந்தன. 1986இல் அமெரிக்காவின் சான் டியகோவிற்குச் சென்று தம் கைவேலையைச் செய்துகாட்டினார். வீட்டு வாசலைத் தாண்ட இயலாதிருந்தவர் கடல் கடந்தார். 2007இல் அவர் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின் அதே சான் டியகோவின் மிங்கேய் அருங்காட்சியகத்தில் அவருக்கெனத் தனிக்காட்சி நடைபெற்றது. ஸ்டீபன் ஹைலர் எழுதிய நூலும் வெளிவந்தது.

இந்நிகழ்வுத் தொடர் புதிதன்று. 1934 சனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் மிதிலைப் பகுதியின் வீடுகள் இடிந்தபோது, ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் அவற்றின் உட்சுவர் ஓவியங்களைக் கண்டு புகைப்படம் எடுத்தார். 1949இல் ‘மார்க்’ இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். 1966-67 வறட்சிக் காலத்தில், புபுல் ஜெயகரின் முயற்சியால் அகில இந்தியக் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்ணியை மதுபனிக்கு அனுப்பி, பெண்களின் கையில் காகிதத்தைக் கொடுத்தது. மிதிலையில் சுவர் இடிந்தபோது ஓவியம் வெளியே தெரிந்தது. காகிதத்திற்கு மாறியபோது அது விற்பனைக்கு வந்தது. சுர்குஜாவில் சுவர் இடியவில்லை, குழு வந்தது. எனினும் இரண்டிடத்தும் பெண்களின் வீட்டுவேலை, வீட்டைவிட்டு வெளியேறிய நாளில்தான் ‘கலை’ என்று பெயர் பெற்றது. வரலாற்றேட்டில் அதன் பிறந்த நாளாகப் பதிவானதும் அந்நாளே.

இதன் பின்னர் சோனாபாயைப் பற்றி இரண்டு கதைகள் வழங்கலாயின. முதலாவது, தனிமையில் மலர்ந்த மேதையின் கதை. கேட்பதற்கு இது உருக்கமானது; ஆனால் ஒரு பெண்ணை அடைத்துவைத்த கொடுமையைப் படைப்பிற்கான முன்நிபந்தனையாக இது மாற்றிவிடுகிறது. அடைபட்டு வாழ்ந்த பெண்கள் எண்ணற்றோர். அவர்களுடைய சுவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை. இரண்டாவது, சமூக மரபின் கதை. சோனாபாய் ரஜ்வார் பெண்கள் செய்துவந்ததையே செய்தார் என்பது அதன் வாதம். இதிலும் பாதி உண்மையே உண்டு. மெழுகவும் புடைப்புருவம் அமைக்கவும் அவர் சமூகத்திடம்தான் கற்றார். தாழ்ந்த புடைப்பைச் சுவரிலிருந்து விடுவித்து, இருபுறமும் காணத்தக்க முழுவடிவமாக வெளியில் நிறுத்தியது அவருடைய தனித்த முடிவு. மேதை என்னும் சொல் அவர் கற்றதை மறைக்கிறது. மரபு என்னும் சொல் அவர் முடிவெடுத்ததை மறைக்கிறது.

மொழியின் சிக்கலும் இதில் உண்டு. அவர் பேசியது சுர்குஜியா. உலகம் அவரை வாசித்தது ஆங்கிலத்தில். அடைபட்டிருந்த ஆண்டுகளைப் பற்றி இன்று அறியப்படுபவை, பெரும்பாலும் முதுமையில் அவர் நினைவுகூர்ந்தவை. அவையும் மொழிபெயர்ப்பைக் கடந்து வந்தவை. அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆவணமென்று ஒன்று இருந்தால், அது அந்தச் சுவர்தான்.

விருதுகளுக்குப்பின் அக்கைவேலை புஹ்புட்ராவைக் கடந்து பரவியது. மகன் தரோகா ராம் அதனைக் கற்றுத் தொடர்ந்தார். அவ்வட்டாரத்தின் சுந்தரிபாய் முதலிய பெண்களும் அறியப்பட்டனர். பலருக்கு இது வருமானமாயிற்று. பெண்களின் பெயர்கள் முதன்முறையாகப் படைப்புகளோடு எழுதப்பட்டன. அது சிறிய ஆதாயமன்று. இழப்பும் உடன் வந்தது. விற்பனைக்கான உருவங்கள் பலகைமீது அமைக்கப்படுகின்றன. எடுத்துச் செல்ல அதுவே வசதி. பலகையில் அமர்ந்த பறவையின் பின்னே வெளிச்சம் இல்லை. காட்சிக்கூடத்தில் நிற்கும் தட்டி எந்த வெயிலையும் தடுக்கவேண்டியதில்லை. இருண்ட வீட்டிற்குள் காற்றைக் கொணர்ந்த பொருள், அங்கே விளக்கொளியில் வெறும் உருவமாக நிற்கிறது.

கைவினை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ‘கண்டெடுக்கப்பட்ட’ ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. ஆவணங்கள் அங்கிருந்து கிடைப்பதே அதற்குக் காரணம். எனினும் 1983 என்பது சோனாபாயின் கலை தொடங்கிய ஆண்டன்று. அரசு அவருடைய வாசலுக்கு வந்த ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளை எழுத வேண்டுமெனில், மூங்கில் எப்படிப் பிளக்கப்பட்டது, களிமண்ணில் எவ்வளவு வைக்கோல் சேர்ந்தது, தட்டி எந்தத் திசை வெயிலை நோக்கி நின்றது என்பவற்றையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றுமுறை வேண்டும். வீட்டுவேலை என்று ஒதுக்கப்பட்டவற்றுள் எத்தனை பெண்களின் முடிவுகளும் தீர்வுகளும் புதைந்துள்ளன என்பதை அத்தகைய வரலாறே எடுத்துக்காட்டும்.