ஆர் சொன்னது எண்டு எழுது

1986 யூன் 10. குருநகரில் இருந்து தொழிலுக்குப் போன முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டார்கள். செய்தது கடற்படை எண்டுதான் எங்கட ஊரில சொல்லுவினம். இதைக் கலைக்களஞ்சியத்தில் எழுதும்போது 'படுகொலை' என்பதா, 'சம்பவம்' என்பதா? இப்படியான ஒற்றைச் சொல்லுக்காக விக்கிப்பீடியாவில் நாட்கணக்காகச் சண்டை பிடிப்பார்கள். சம்பளம் இல்லை, பலருக்குச் சொந்தப் பெயரும் இல்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பழைய விதி இருக்கு. 24 மணித்தியாலத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மற்றவரின் திருத்தத்தை அழித்தால் தடை விழும். விதி சண்டையை நிறுத்தாது, மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். இலங்கைக் கட்டுரைகளுக்கு அது போதவில்லை. 2006இல் போர் திரும்பவும் தொடங்கி, ஆகஸ்ட்டில் முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்ட காலம். இணையத்திலும் இரண்டு பக்கமும் முறுகி நின்றது.

ஆனால் அங்கே தமிழ்ப் பயனர்களும் சிங்களப் பயனர்களும் வெளியாட்களும் 'இலங்கை நல்லிணக்கம்' என்ற திட்டத்தில் கூடி, 2007இல் ஒரு பிணக்குத் தீர்வு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இதுக்கு நோர்வே வரேல்லை. 2002 பெப்ரவரியில் கைச்சாத்திட்ட உண்மையான போர்நிறுத்த உடன்படிக்கையில் இருந்து அரசாங்கம் 2008 ஜனவரியில் விலகிவிட்டது.

அவர்கள் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது மூலங்களைத் தரம் பிரித்த விதம். ஒரு பக்கம் சார்ந்த செய்தித்தளத்தைப் பொய் எண்டு தூக்கி எறியவும் இல்லை, அது சொன்னதை அப்படியே உண்மையாக்கவும் இல்லை. பாவிக்கலாம், ஆனால் ஆர் சொன்னது எண்டு அந்த வசனத்துக்குள்ளேயே எழுத வேணும். கலைப்பீடத்தில நாங்கள் மூலம் நடுநிலையா எண்டு கேட்டே களைச்சுப் போறம். அது எங்க நிண்டு சொல்லுது எண்டு கேட்பது பிரயோசனமான கேள்வி.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கதை வேறு. யாழ்ப்பாணத்து மயூரநாதன் வளைகுடாவில் இருந்தபடி வளர்த்தெடுத்த இடம் அது. அங்கே பொதுப் பேச்சு நடக்கிற பக்கத்துக்கு ஆலமரத்தடி எண்டு பெயர். அங்க சண்டை ஜ, ஷ, ஹ எழுதலாமா, ரொறன்ரோவா டொராண்டோவா எண்டு போகும். சின்னச் சண்டை இல்லை, எங்கட எழுத்துவழக்கு தமிழ்நாட்டு வழக்குக்குள் கரையாமல் நிற்பது அதில்தான் தங்கியிருக்கு. ஆனால் போரைப் பற்றிய கட்டுரை எண்டு வந்தால் எதிரில் 'மூலம் எங்கே?' எண்டு கேட்கச் சிங்களப் பயனர் இல்லை. அதால நாங்கள் சோம்பேறியாகிறம் எண்டே நினைக்கிறன். தமிழில் 'படுகொலை' ஒரு தலைவரைக் கொன்றாலும் வரும், ஒரு ஊரையே கொன்றாலும் வரும். சொல்லைப் போட்டுவிட்டால் கட்டுரை முடிஞ்ச மாதிரி ஆகிப்போகுது.

மண்டைதீவில் இறந்தவர்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுது. ஊர்ச் சனத்தின் வாய்மொழி விக்கிப்பீடியாவில் மூலமாக ஏறாது, எங்கேயாவது பதிப்பாகி வந்திருக்க வேணும். 1986இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்ப அறுபது ஆகுது.