விண்வெளிக் கதையும் இரசிகர் வழக்கும்

1966 செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் தொடங்கிற்று. வியட்நாம் போரும் நிறவெறிக் கொடுமையும் அந்நாட்டை உலுக்கிய காலம் அது. ஜீன் ராடன்பெரி படைத்த விண்கலத்திலோ, கறுப்பினப் பெண்ணும் ஜப்பானிய மரபினரும் பின்னர் இரஷியரும் வெள்ளையரோடு ஒன்றாகப் பணிபுரிந்தனர். அதனாலேயே பலர் அதனை வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. தொடர் நின்றுவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, கடிதங்களைக் குவித்து, 1968இல் அதற்கு மேலும் ஓராண்டு வாழ்வளித்தனர்.

ராடன்பெரி 1991இல் மறைந்தார். 1993இல் தொடங்கிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’, அமைதி நாடிய கூட்டமைப்பைப் பெரும்போரில் இறக்கியது. படைத்தவரின் கனவு சிதைந்தது என வருந்தினர் சிலர். சோதனையில்தான் அறத்தின் உண்மை விளங்கும் என்றனர் வேறு சிலர். இருசாராரும் காக்க விரும்பியது அந்த முதற்கனவையே. கடிதமெழுதிக் கதையைக் காத்தவர்களின் வழிவந்தோர், அதன் போக்கைக் கேள்வி கேட்பதில் வியப்பென்ன?